எர்பிலில் இருந்தவன் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமைத் தலையங்கத்தில், ‘பன்னாட்டுப் படைகள் போன இடங்களில் பயங்கரவாதம் வளர்ந்ததே தவிரக் குறைந்ததில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து உங்கள் பத்திரிகையைப் படிப்பவன் நான். இந்த வரி என்னைப் புண்படுத்திவிட்டது.

2014 ஆகஸ்டில் நான் ஈராக்கின் எர்பிலில் ஒரு கட்டுமான கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஜூனிலேயே மொசூல் நகரம் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பிடம் விழுந்துவிட்டது. சிஞ்சாரில் யஜீதி என்ற சிறுபான்மை மக்களை அவர்கள் கொன்று குவித்ததும் பெண்களை அடிமைகளாக்கியதும் உங்களுக்குத் தெரியும். ஈராக் குர்துகளின் படையான பெஷ்மெர்கா பின்வாங்க, எர்பிலுக்குப் பக்கத்து ஊர்களான மக்மூரும் குவேரும் ஐ.எஸ். கைக்குப் போயின. குவேரிலிருந்து எங்கள் கேம்புக்கு வண்டியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனி அலமாரியில். மேனேஜர் போனையே எடுக்கவில்லை. வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்த பையன்கள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார்கள்.

8-ஆம் தேதி, எர்பிலைக் காத்து நின்றவர்கள்மேல் சுட்டுக்கொண்டிருந்த பீரங்கியை அமெரிக்க விமானங்கள் அடித்தன. இரண்டே நாளில் குவேரும் மக்மூரும் மீண்டன. நான் உயிரோடு ஊர் திரும்பியது அதனால்தான்.

ஐ.எஸ்.ஸுக்கு எதிரான பன்னாட்டுக் கூட்டணி முறையாக அமைந்தது அடுத்த மாதம். தரையில் ஈராக் ராணுவமும் குர்துகளும் செத்துச் செத்து முன்னேற, மற்ற நாடுகள் விமானமும் பயிற்சியும் உளவுத் தகவலும் கொடுத்தன. எண்ணெய் லாரிகளை அடித்து ஐ.எஸ்.ஸின் வருமானத்தைக் குறைத்தன. 2017-ல் மொசூலும் சிரியாவின் ரக்காவும், 2019 மார்ச்சில் ஐ.எஸ்.ஸிடம் கடைசியாக மிஞ்சிய சிரிய ஊரான பகூஸும் மீட்கப்பட்டன. தனி ஒரு நாட்டால் இது ஆகியிருக்குமா?

ஈராக் மீதான அமெரிக்காவின் 2003 படையெடுப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2017 மார்ச்சில் மேற்கு மொசூலில் ஒரே குண்டுவீச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்ததை அமெரிக்க ராணுவமே ஒப்புக்கொண்டது. தோளோடு தோள் நின்ற சிரியக் குர்துகளை 2019 அக்டோபரில் அமெரிக்கா கைவிட்டது. அதையெல்லாம் கண்டித்து எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்காக எங்களைக் காப்பாற்றியதை இல்லை என்று எழுதலாமா?

2014-ல் மொசூலில் ஐ.எஸ். கடத்திய 39 இந்தியர்களும் எங்களைப் போல வேலைக்குப் போனவர்கள்தான். நான்கு வருஷம் குடும்பங்களை நம்பிக் காத்திருக்க வைத்துவிட்டு, 2018 மார்ச்சில்தான் அந்த 39 பேரும் செத்துப்போனதை நம் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. மொசூலுக்குப் பக்கத்தில் பாதூஷில் அவர்கள் புதைக்கப்பட்ட குழியைத் தோண்ட முடிந்ததே மொசூல் மீட்கப்பட்டதால்தான். இல்லையென்றால் அந்த எலும்புகள்கூட வீடு வந்திருக்காது. அந்தச் செய்தியை நீங்கள் உள்பக்கத்தில் ஒரு பத்தியாகப் போட்டீர்கள். அன்றே கடிதம் எழுதினேன், வெளியாகவில்லை. வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கென்று வந்துகொண்டிருந்த அரைப்பக்கத்தையும் பிறகு நிறுத்திவிட்டீர்கள். ஏன் என்று கேட்டு எழுதியதற்கும் பதில் இல்லை.

தலையங்கத்தைத் திரும்பப் பெறச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எர்பிலைப் பற்றி நான்கு வரி சேர்த்து வெளியிடுங்கள். அதற்கும் இடமில்லை என்றால், தலையங்கத்தோடு அச்சிட்ட வரைபடத்தையாவது திருத்துங்கள். மொசூலுக்குக் கிழக்கே இருக்கும் எர்பிலை மேற்கே போட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பரமக்குடி