எக்ஸ்ரே சீட்டில் நோயின் பெயரும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல் ரத்தசோகையை 2047-க்குள் ஒழிக்க ஒன்றிய அரசு 2023 ஜூலையில் இயக்கம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் நாம், பழங்குடியினரிடம் இந்நோய் காணப்படும் நீலகிரியை மட்டுமே நினைத்தோம். ஆனால், இந்நோய் மிகுந்த ஒடிசா, சத்தீஸ்கர் பக்கங்களிலிருந்து வேலைக்கு வருவோர் டெல்டாவிலும் தங்குகிறார்கள். பிள்ளைக்குக் கால் வீங்கிக் காய்ச்சல் அடித்தால் தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோதான் தூக்கி வருவார்கள்.

எக்ஸ்ரே பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு உறுத்துவது, படம் எடுக்க வரும் சீட்டில் ‘கால் வலி, காய்ச்சல்’ என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் இருக்கும் என்பது. சிக்கிள் செல் உள்ள பிள்ளைக்கு அது போதாது. வளைந்த சிவப்பணுக்கள் அடைத்துக்கொண்டு எலும்பின் ஒரு பகுதி ரத்தமின்றிச் செத்துப்போவதும், சால்மோனெல்லா போன்ற கிருமி புகுந்து எலும்பில் சீழ் பிடிப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னதுதான் பல மடங்கு அதிகம். ஆனால் பின்னதைத் தவறவிட்டால் எலும்பே கெட்டுவிடும். தொற்றே இல்லாத குழந்தைக்கு வாரக்கணக்கில் ஊசி போடுவதும் கொடுமைதான்.

எலும்பில் சீழ் பிடிக்கத் தொடங்கி 10–14 நாட்கள் வரை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடக் கூடாது. எம்ஆர்ஐ சீக்கிரமே மஜ்ஜை வீக்கத்தைக் காட்டும் என்றாலும், ரத்த அடைப்பிலும் அதே வீக்கம் வரும் என்பதால், படிக்கும் மருத்துவருக்கு நோயின் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். என் மதிப்பில், பலரும் கண்டுகொள்ளாத அல்ட்ராசவுண்டுக்கு இங்கே பெரிய இடம் உண்டு. எலும்புக்கும் அதன் மேலுறைக்கும் இடையே தேங்கிய நீரை, கதிர்வீச்சோ மயக்க மருந்தோ இல்லாமல், படுக்கையருகிலேயே அது காட்டிவிடும். அடைப்பிலும் சிறிது நீர் கோக்கலாம். ஆனால் கூடுதலாகத் தேங்கியிருந்தால், அதே கருவியில் பார்த்தபடியே ஊசியால் உறிஞ்சி, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பலாம். உறுதியான விடை அதில்தான் கிடைக்கும். அதையும் ரத்தக் கல்ச்சரையும், குழந்தையின் நிலை இடம் கொடுத்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஆகவே டெல்டா மருத்துவமனைகளின் சீட்டில், சிக்கிள் செல் உண்டா, வலி எத்தனை நாளாக, ஆன்டிபயாடிக் தொடங்கியாயிற்றா என்ற மூன்று கேள்விகளை அச்சிட்டுத் தர வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோருக்குத் தமிழ் தெரியாவிட்டால், சொந்த ஊரில் பரிசோதித்துக் கொடுத்த அட்டை இருக்கிறதா என்றாவது அவர்கள் மொழி தெரிந்தவரை வைத்துக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பணியாளர்,
கும்பகோணம்.