18ஆம் தேதிக்குள் பதில் போடு

சங்கரன்கோவில்
27.12.2025

அன்புள்ள தம்பிக்கு,

பணம் வந்து சேர்ந்தது. இவ்வளவு வேண்டாம் என்று போன தடவையே சொன்னேன், எனக்குப் பென்சனே மிச்சம். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். பின்கட்டில் ஓடு மாற்றியாயிற்று. அங்கே குளிர் மைனஸில் போகிறதாமே. காதை மூடாமல் வெளியே போகாதே. பாப்பாவுக்கும் குல்லா போட்டு அனுப்பு.

போனில் பேசுவதை விட்டுவிட்டு அம்மா ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீடியோவில் பாப்பா நடுவில் வந்துவிடுகிறாள், நீயும் மீட்டிங் என்று எழுந்து போகிறாய். எழுதினால் உட்கார்ந்து படிப்பாய். தபாலில் போட்டால் 18ஆம் தேதி தாண்டிவிடும், அதனால் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

வாக்காளர் பட்டியல் விஷயம்தான். எஸ்.ஐ.ஆர்., அதுதான் சிறப்புத் தீவிரத் திருத்தம், என்று செய்தியில் பார்த்திருப்பாய். நவம்பர் 4ஆம் தேதியில் இருந்து வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். நம் தெருவுக்கு வந்தவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை. நம் வீட்டுக்கு மூன்று படிவம். ஒவ்வொன்றிலும் பழைய அட்டையில் உள்ள படம் அச்சாகியிருந்தது. உன் படிவத்தில் காலேஜில் மீசை வைத்துக்கொண்டு அப்பாவிடம் திட்டு வாங்கினாயே, அந்த முகம். பக்கத்தில் புதுப் படம் ஒட்டக் காலிக் கட்டம்.

அப்பாவுடையதை அவளே வாங்கி, இறந்துவிட்டார் என்று குறித்துக்கொண்டாள். உன்னுடையதை என் பக்கம் தள்ளி, "வீட்டுல ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும் டீச்சர், நீங்களே போட்டுருங்க" என்றாள். குடும்பத்தில் ஒருவர் போடலாம்தான். ஆனால் அது கொஞ்ச நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்புகிறவர்களுக்கு. எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து ஊர்ப் பெயரையெல்லாம் சரிபார்த்தவள் நான். என் மகன் இங்கே குடியிருக்கிறான் என்று கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. "அவன் கனடாவுல இருக்காம்மா, இங்க இல்ல" என்று என் வாயால்தான் சொன்னேன்.

பாவம் அந்தப் பெண். பகலெல்லாம் அலைந்துவிட்டு, ராத்திரி டவர் கிடைக்காமல் நம் மொட்டை மாடியில் நின்றுகொண்டு ஒவ்வொரு படிவமாக ஆப்பில் ஏற்றினாள். தி.மு.க. எதிர்க்கிறது, அ.தி.மு.க. வேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான், ஆனால் இந்த அவசரம் கூடாது. அடைமழைக் காலத்தில், சம்பளம் குறைந்த பெண்களின் தலையில் கட்டிச் செய்கிற வேலையா இது?

19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பெயருக்கு மேல் இல்லை. அதில் 66 லட்சத்துக்கு மேல் ஊர் மாறிப் போனவர்களும், தேடிப் போனபோது வீட்டில் இல்லாதவர்களும். விடுபட்டவர்கள் பட்டியலை என் பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். ஒரே கதவு எண்ணுக்கு அடுத்தடுத்து இரண்டு வரி. அப்பா பெயருக்கு நேரே இறப்பு. உன் பெயருக்கு நேரே நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர். அப்பாவுக்குப் போட்டது சரி. உனக்குப் போட்டது சரிதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுபடி சேர்க்க வழி இருக்கிறது. படிவம் 6ஏ என்று ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்காக 2011இல் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள உள்ளூர் விலாசத்திலேயே பெயர் சேரும். தபால் ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும். 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு நீ வரமாட்டாய், லீவு கிடைக்காது, தெரியும். பெயராவது இருக்கட்டும் என்று ஒரு ஆசை. ஆனால் அந்தப் படிவத்தில், வேறு நாட்டுக் குடியுரிமை பெறவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நான் எதையும் எழுத முடியாது.

எதிர்வீட்டு அக்கா மகள் மெல்போர்னில் குடியுரிமை வாங்கினாள். முதல் போன் அம்மாவுக்குத்தான். அக்கா ரெண்டு நாள் சாப்பிடவில்லை, அப்புறம் அவர்களே தெருவுக்கு லட்டு கொடுத்தார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின நம் ஆட்களுக்கு இந்திய அரசு கொடுக்கிற ஓசிஐ அட்டை இருந்தால் விசா இல்லாமல் வந்து போகலாம். ஓட்டு இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவது வருமாம். வக்கீலிடம் பொதுவாகத்தான் கேட்டேன். கீழக்காட்டை நினைத்து நீ கவலைப்பட வேண்டாம்.

போன மாதம் அத்தை வந்தபோது மருமகள் போட்ட ஸ்டேட்டஸ் என்று அவள் போனில் காட்டினாள். பாப்பா கையில் சிவப்பு இலை போட்ட சின்னக் கொடி, நீ கோட்டு போட்டிருந்தாய். நன்றாக இருந்தது. என் போனுக்கு அது வரவில்லை. பழைய போன், சில படங்கள் வராது போல.

அங்கே குடியுரிமை வாங்குகிறவர்கள் சார்லஸ் மன்னர் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுக்கிறதை யூடியூபில் பார்த்தேன். தாத்தா 1942இல் ஜெயிலுக்குப் போனவர். 1972இல் கொடுத்த தாமிரப் பட்டயம் இன்னும் ஹாலில்தான் தொங்குகிறது, பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்க்கிறேன். அதைச் சொல்லி உன்னைக் குத்துவதற்கு எழுதவில்லை. அங்கே விசா, பெர்மிட் என்று பயந்து பயந்து நீ எத்தனை வருஷம் இருந்தாய் என்று எனக்குத் தெரியும். தைரியமாக வாழ ஒரு காகிதம் வேண்டும் என்றால் வேண்டும்தான். உன்னை அனுப்பி வைத்ததும் நாங்கள்தான். அப்பா பி.எஃப். பணத்தை எடுத்தபோது, திரும்பி வருவாயா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. போய் நன்றாக இரு என்றுதான் சொன்னோம். நீ நன்றாகத்தான் இருக்கிறாய், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அம்மாவிடம் சொல்ல என்னடா பயம்? அத்தைக்குத் தெரிகிறது.

ஜனவரி 18 வரை விண்ணப்பம் வாங்குகிறார்கள். 6ஏ படிவத்தோடு இந்தியப் பாஸ்போர்ட்டின் நகல் வைக்க வேண்டும். உன் படம் உள்ள பக்கம், விலாசம் உள்ள பக்கம், விசா பக்கம், மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. அந்தப் பாஸ்போர்ட் இப்போது உன் கையில் இல்லை என்றால் இல்லை என்று எழுது. நான் அந்தப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், பாவம், அவள் வீணாகக் காத்திருக்க வேண்டாம்.

காதை மூடிக்கொள். மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா