கொண்டைக்குருவிக் கூட்டைக் காலிசெய்தது யார்?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. செம்பருத்தியில் இருந்த மூன்று கொண்டைக்குருவிக் குஞ்சும் ஒரே மத்தியானத்தில் காணாமல் போயின என்று பக்கத்து வீட்டுப் பூனையின் மேல் பழியைப் போட்டிருக்கிறாய். படத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடு கிண்ணம் மாதிரி அப்படியே இருக்கிறது. ஒரு நார் பிரியவில்லை, கீழே ஓர் இறகுகூட இல்லை. பூனை என்றால் கிளையை வளைத்துக் கூட்டைச் சரித்திருக்கும். இது பெரும்பாலும் பாம்பு, சாரையோ கொம்பேறிமூக்கனோதான். (கொம்பேறிமூக்கன் ஆளைக் கடித்துவிட்டு, பிணம் எரிகிறதா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பதெல்லாம் கதை. கொம்பேறிமூக்கனால் மனிதருக்கு ஆபத்தில்லை, கம்பை எடுக்காதே.)

எலி என்றால் ராத்திரியில் வரும், கடித்த மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகும். குஞ்சு கூட்டிலேயே செத்து எறும்பு மொய்த்தால், பல நேரம் எறும்பு பிறகு வந்ததாகத்தான் இருக்கும். காக்கையும் செம்போத்தும் பகல் திருடர்கள், இடம் தெரிந்துவிட்டால் திரும்பத் திரும்ப வரும். ஆனால் காக்கை சில சமயம் கூட்டைக் கலைக்காமலும் தூக்கிவிடும். அதனால் தடயத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

கொண்டைக்குருவி சீக்கிரமே வேறு கூடு கட்டும். அடைகாப்பு 12-14 நாள், குஞ்சு கூட்டில் ஏறக்குறைய 12 நாள். ஆக, காவல் நாலு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

கொய்யா மரத்தில் கட்டினால் உனக்கு அதிர்ஷ்டம். தென்னையில் எலிக்குத் தகரம் அடிப்போமே, அதே வேலைதான். வழவழப்பான தகரம் 60 செ.மீ. அகலத்தில், கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.5 மீட்டரில் இருக்கும்படி தண்டைச் சுற்றிக் கட்டு. அதற்குக் கீழே கிளை இருக்கக் கூடாது. பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் பாம்பு அதற்குள் நுழைந்து ஏறும். அதனால் இறுக்கியே கட்டு. ஆனால் கட்டிய கம்பி நாளாக ஆகத் தண்டில் பதியும், சீசன் முடிந்ததும் அவிழ்த்துவிடு. சுவர், கூரை, கேபிள் எதிலாவது கிளை உரசினால் தகரம் கட்டியதே வீண். முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். உரசும் கிளைகளைக் கூடு கட்டுவதற்கு முன்பே வெட்டிவிடு. கிரீஸ் மட்டும் தடவாதே, இறகில் ஒட்டினால் பறவைக்குப் பறக்க முடியாது.

செம்பருத்தியிலேயே மறுபடி கட்டினால் தகரம் உதவாது, தரையிலிருந்தே பத்துக் கிளை. அங்கே காக்கையைத் தடுக்கலாம்: 5 செ.மீ. சதுரக் கண்ணுள்ள கம்பிவலையைக் கூட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, சுற்றிலும் மேலேயும் அமை. கொண்டைக்குருவி நுழையும், காக்கை நுழையாது. கூடு கட்டும்போது வைத்தால் இடத்தையே விட்டுப் போய்விடும், அடைகாக்க ஆரம்பித்த பிறகு வை. அரைமணி நேரத்தில் தாய் திரும்பாவிட்டால் எடுத்துவிடு. பாம்பும் அணிலும் இதிலும் புகுந்துவிடும், அதற்கு வழியில்லை. நைலான் வலை வேண்டவே வேண்டாம், பாம்பும் பறவையும் சிக்கிச் சாகும்.

நீ படமெடுக்க இலையை ஒதுக்கியது தெரிகிறது. அந்த மறைப்புதான் கூட்டுக்குக் கதவு. காக்கை நாம் எங்கே எட்டிப் பார்க்கிறோம் என்று கவனிக்கும். அது கண்ணில் படும்போது கூட்டுப் பக்கம் போகாதே. குஞ்சுக்கு இறகு முளைத்தபின் கிட்டப் போனால் பயந்து, பறக்கத் தெரியாமலே குதித்துவிடும். அமாவாசைச் சோற்றைச் செம்பருத்திப் பக்கச் சுவரில் வைக்காமல் மாடியின் மறுகோடியில் வை. மிச்சத்தை உடனே அள்ளிவிடு.

பக்கத்து வீட்டாரிடம் சண்டை வேண்டாம். குஞ்சு கூட்டைவிட்டு இறங்கும் நாலைந்து நாள் மட்டும் பூனையை உள்ளே வைக்கச் சொல். பூனை கழுத்தில் மணி கட்டிப் பயனில்லை: சத்தம் கேட்டாலும் அந்தக் குஞ்சால் பறந்து தப்ப முடியாதே. பூனை பல் பட்ட குஞ்சு வெளியே சரியாகத் தெரிந்தாலும் கிருமி உள்ளே போயிருக்கும், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போ. கூடு விழுந்தால், அடியில் ஓட்டை போட்ட சின்ன ஓலைப்பெட்டியில் வைத்து அதே கிளையில் கட்டு. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது பொய். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதே, புரையேறிச் செத்துவிடும்.

புதுக் கூடு எந்த மரத்தில் என்று எழுது. படம் தூரத்திலிருந்து எடுத்தால் போதும்.

அன்புடன்,
ராமு