குளோரியின் கைகள் பற்றி அக்காவுக்கு

அக்கா,

நேற்று ராத்திரி ஷேடோரன் ஹாங்காங் கேமை முடித்துவிட்டேன். 2025 ஆகஸ்ட் 20-ஓடு அந்த கேம் வந்து பத்து வருடம். அதற்குள் முடித்தே தீருவது என்று ஒரு வீம்பு.

இதை உனக்கு போனில் சொல்லியிருக்கலாம். நம்பர் இருக்கிறது. ஆனால் நான் உன்னைக் கிண்டலடித்தது இதே இடத்தில், நாலு பேர் பார்க்க. திரும்ப வாங்கிக்கொள்வதும் இங்கேயே நடக்கட்டும். இதில் கொஞ்சம் நாடகம் இருக்கிறது என்பாய். இருக்கிறது.

அடுத்த பத்தி உனக்கில்லை, மற்றவர்களுக்கு. ஷேடோரன் என்பது 1989-ல் பகடை உருட்டி விளையாடும் மேசை விளையாட்டாகப் பிறந்தது. மூளையில் ஒயர் சொருகிக்கொண்டு கம்பெனிக் கணினிகளுக்குள் நுழையும் ஆட்களும், மந்திரம் போடும் ஷாமன்களும், ட்ரோல்களும் டிராகன்களும் ஒரே தெருவில் வாழும் உலகம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மன் 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் 4 லட்சம் டாலர் கேட்டார், 18 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. அதிலிருந்து ஷேடோரன் ரிட்டர்ன்ஸ் 2013-ல் வந்தது, டிராகன்ஃபால் 2014-ல், ஹாங்காங் 2015-ல். மூன்றுமே டர்ன் கணக்கில், அதாவது ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை என்று நகரும் சண்டை, பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டிய வசனம். யாருடைய வசனத்துக்கும் குரல் கிடையாது.

அந்தக் கடைசி வரியை நான் எவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டிராகன்ஃபால் விளையாடும்போது எனக்குப் பதினாலு வயது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நீ நாற்காலியில், நான் பக்கத்தில் ஸ்டூலில். மவுஸ் உன் கையில், சண்டை வந்தால் மட்டும் எனக்கு. மற்ற நேரமெல்லாம் நீ தமிழில் பேசிக்கொண்டே போவாய். கேமில் நம் கூட்டாளிகளில் ஐகருக்கு ராணுவக்காரர் மாதிரி ஒரு கரகரப்பு. டீட்ரிக்குக்கு வயதான பாட்டுக்காரர் இழுவை. பிளிட்ஸுக்கு மூக்கால் பேசும் குரல், அது நம் பழைய கெமிஸ்ட்ரி வாத்தியாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரியும். நம் கூட்டத் தலைவி மோனிகா செத்த இடத்தில் நீ நிறுத்திவிட்டாய். அவள் கடைசியாக முனகும் அந்த ஜெர்மன் வார்த்தையை மட்டும் அப்படியே படித்தாய், ஃபாயர்ஷ்விங்க என்று. எனக்கு முதுகு சிலிர்த்தது.

பிறகு ஒரு நாள் யாரோ டிராகன்ஃபாலைப் பற்றி எழுதியிருந்த குறையில், "வசனத்துக்குக் குரலே இல்லை, சப்பென்று இருக்கிறது" என்று படித்தபோது எனக்கு நிஜமாகவே புரியவில்லை. குரல் இல்லையா? வேறு ஏதோ கேமைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சரி, ஹாங்காங்குக்கு வருகிறேன்.

அது வந்தபோது நீ வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இதைச் சித்தி படிக்கிறார், சித்தி படித்தால் மற்றவர்களும் படித்த மாதிரிதான். நீ போனாய், அவ்வளவு போதும். நான் தனியாக உட்கார்ந்து இரண்டு வருடம் அந்த கேமை விட்டு விட்டு விளையாடி, பாதியில் மூடிவிட்டு, 2017-ல் இங்கே ஒரு விமர்சனம் எழுதினேன். தலைப்பு "வளவள ஹாங்காங்". அதில் ஒரு பத்தி இப்படிப் போகும்: சிலர் கேம் வாங்குவது விளையாட அல்ல, கதைப் புத்தகம் வாங்கக் காசில்லாததால், திறமையை வளர்க்கத் தரும் கர்மா புள்ளியை எல்லாம் கரிஸ்மா என்கிற பேச்சுக் கவர்ச்சியில் கொட்டிவிட்டு, துப்பாக்கி பிடிக்கத் தெரியாமல், வழியில் பார்க்கிற எல்லோரிடமும் நலம் விசாரிக்கிறவர்கள். பெயர் போடவில்லை. ஆனால் நம் செட்டில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்தது. கீழே வந்த சிரிப்பை நீயும் பார்த்தாய். "நல்லா எழுதுற" என்று மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பினாய். அதற்கு நான் பதில் போடவே இல்லை.

மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பத்திக்கு.

விமர்சனம் முழுக்கத் தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். நாம் தங்கியிருக்கும் ஹேயோய் துறையில் ஒவ்வொரு மிஷன் முடிந்ததும் அத்தனை கடைக்காரர்களும் புதிதாக ஒரு கதை வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு முடிப்பதற்குள் போன மிஷனே மறந்துபோகும். கணினிகளுக்குள் நுழையும் மேட்ரிக்ஸ் பகுதியைப் புதுசாக்குகிறோம் என்று டர்ன் கணக்கை விட்டுவிட்டு, அங்கே காவல் சுற்றும் ஐஸ் என்ற பாதுகாப்பு நிரல்களின் கண்ணில் படாமல் ஓடவிட்டார்கள். அப்புறம் எண்களைப் பளிச்சென்று காட்டி மறைத்து, அதே வரிசையில் தட்டு என்கிறார்கள். நிதானமாக யோசித்து ஆடுகிற கேமில் இது எதற்கு? இதே குறையை இன்றுவரை எத்தனையோ பேர் சொல்கிறார்கள். எங்கே கேட்டாலும் வரிசை அதேதான்: டிராகன்ஃபால் முதலில், ஹாங்காங் அடுத்து, சியாட்டிலில் நடக்கும் ரிட்டர்ன்ஸ் கடைசி. முதல் கேம் வந்தபோது அதில் நினைத்த இடத்தில் சேவ் பண்ணக்கூட முடியாது, கதை ரயில் மாதிரி ஒரே தண்டவாளத்தில் ஓடும், அதனால் கடைசி. நானும் அந்த வரிசைதான். நீ மட்டும்தான் ஹாங்காங்கை மேலே வைத்தாய், அதுவும் எனக்கு முன்னாலேயே, எங்கேயோ தனியாக முடித்துவிட்டு.

அது எனக்கு வலித்தது. நீ அதை நான் இல்லாமல் விளையாடினாய். யாருக்கும் குரல் கொடுக்காமல், மனசுக்குள்ளேயே படித்துக்கொண்டு.

போன மாதம் பழைய ஹார்டு டிஸ்க்கில் உன் டிராகன்ஃபால் சேவ் கிடைத்தது. திறந்தேன். நம் கூட்டாளி குளோரி தன் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள், அதே கரடுமுரடான இரும்புக் கைகளோடு. நீ அவளுக்கு எப்போதும் குரலைத் தாழ்த்தி, உணர்ச்சியே இல்லாமல் பேசுவாய். அவள் தன் கதையைச் சொன்ன ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரை முழுக்க எழுத்து. நீ மவுஸை உருட்டினாய், நிறுத்தினாய், மறுபடி உருட்டினாய். அப்புறம் சொன்னாய்: "சின்ன வயசுல விபத்துல கை போச்சாம்."

"இவ்ளோ எழுதியிருக்கு, நீ ஒரு வரிதான் சொல்ற?"

"இங்கிலீஷ்ல அப்படித்தாண்டா. வளவளன்னு எழுதுவாங்க."

நான் நம்பினேன். ஃபாயர்ஷ்டெல்ல என்ற இடத்துக்குப் போகலாமா என்று அவள் கேட்ட மிஷனை, "அது தேவையில்லாதது, காசும் கிடையாது" என்று தள்ளிவிட்டாய். அதையும் நம்பினேன்.

இப்போது நானே படித்தேன். (பதினோரு வருடம் ஆகிவிட்டது, கதையை உடைத்ததற்கு யாரும் சண்டைக்கு வராதீர்கள்.) விபத்தே இல்லை, அக்கா. குளோரி சின்னப் பெண்ணாக ஹாரோ என்பவனின் கூட்டத்தில் போய் மாட்டியவள். அட்வர்சரி என்ற ஒரு சக்தி அவளைப் பிடித்துக்கொள்கிறது. அதிலிருந்து விடுபட அவள் கண்டுபிடித்த ஒரே வழி, தன் உடம்பைத் தானே கொடுத்துவிட்டு இரும்பு மாட்டிக்கொள்வது. இரும்பு ஏற ஏற எசென்ஸ் என்கிற உயிர்ச்சக்தி குறையும், எசென்ஸ் குறைந்தால் மந்திரம் மங்கும். நாமெல்லாம் எசென்ஸை ஒரு நஷ்டக் கணக்காகவே பார்ப்போம். மந்திரக்காரனுக்கு இரும்புக் கையைப் பொருத்தினால் மந்திரம் திரும்ப ரெடியாக இன்னும் சில டர்ன் ஆகும், வேண்டாம் என்று விட்டுவிடுவோம். அவளோ அந்த விதியையே கதவாக்கி வெளியே வந்திருக்கிறாள். நல்ல, நாசூக்கான கைகள் கிடைக்கும்போதும் இந்த மட்டமான பழைய இரும்பையே வேண்டுமென்று வைத்திருக்கிறாள். இந்தத் தொடரிலேயே சண்டை விதியும் கதையும் இவ்வளவு ஒட்டி வந்த இடம் வேறு இல்லை. அதை நீ எனக்கு "விபத்து" என்று சொல்லிவிட்டாய்.

எனக்குப் பதினாலு வயது, பயந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். புரிகிறது. ஒரு பொடியனுக்கு ராத்திரி பதினோரு மணிக்குச் சொல்கிற கதை இல்லைதான். ஆனால் எனக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்று எப்போதும் நீயேதான் முடிவு பண்ணினாய். அடுத்த வருடம் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோதும் எனக்கு ஒரு வரிதான் கிடைத்தது. "வேலை விஷயமா போறேன்." அதுவும் ஒரு விபத்துக் கதைதான் என்று நான் தெரிந்துகொண்டது யார் யார் வாயிலிருந்தோ.

இந்தப் பத்தியை இரண்டு தடவை அழித்துவிட்டு எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் வேண்டாம்.

வளவள என்ற வார்த்தையை எனக்குக் கொடுத்ததே நீ. அதையே எடுத்து உன் மேல் எறிந்தேன், எறிகிறேன் என்று தெரியாமலேயே. ஹாங்காங்கில் எழுத்து அதிகம் என்று நான் சலித்துக்கொண்டது உண்மைதான். பக்கத்தில் அதைச் சுருக்கிச் சொல்ல ஆளில்லை என்பதை அந்த வயதில் எப்படி எழுதுவது?

இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தேன். ஆரம்பத்தில் கதாநாயகன் துறையில் வந்து இறங்குகிறான், பல வருடம் பார்க்காத டங்கன் எதிரே நிற்கிறான். ஒரே வளர்ப்பு அப்பாவிடம் வளர்ந்தவர்கள். டங்கன் முகம் கொடுத்துப் பேச மாட்டான். சொல்லாமல் போனாய், இப்போது வந்து நிற்கிறாய் என்கிற கோபம். 2017-ல் இந்த இடத்தைக் கடகடவென்று கிளிக் பண்ணித் தாண்டியிருக்கிறேன். நேற்று நினைத்தேன், இந்த கேம் விட்டுப்போனவரின் பக்கத்தில்தான் நம்மை உட்கார வைக்கிறது, டங்கனாக விளையாட வழியே இல்லை. அதனால்தான் உனக்கு இது பிடித்திருக்கிறதோ என்னவோ. டங்கனிடம் பதில் சொல்லும் இடத்தில் நீ எந்த வரியைத் தேர்ந்தெடுத்தாய் என்று மட்டும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

கரிஸ்மா விஷயத்திலும் ஒரு திருத்தம். நீ ஷாமன். ஆவியை அழைக்கும் வித்தை கரிஸ்மாவின் கீழேதான் வருகிறது. நீ புள்ளியை வீணடிக்கவில்லை. சண்டையில் தோற்றதெல்லாம் 87 சதவீதம் காட்டிய குண்டைத் தவறவிட்டதால், அந்த நேரம் மவுஸ் என் கையில் இருந்தது.

"வளவள ஹாங்காங்" அப்படியே இருக்கும், நீக்கவில்லை. அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன். மேட்ரிக்ஸ் பற்றிச் சொன்னது எதையும் மாற்றவில்லை.

உன் சேவைத் தொடவில்லை. புதிதாக வேறொன்று போட்டு, குளோரியை ஃபாயர்ஷ்டெல்லவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே நடந்ததைச் சத்தமாகவே படித்தேன், தமிழில், உன் தாழ்ந்த குரலில். சரியாக வரவில்லை.

ஹாங்காங் ஆட்களுக்கும் நானே குரல் வைத்துக்கொண்டேன். காப்பெட் கொஞ்சம் வாயாடி. ஈசபெல் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள். ராக்டரிடம்தான் மாட்டிக்கொண்டேன். தான் ஒரு சைக்கோபாத் என்பதை வானிலை சொல்வது போலச் சொல்கிற ஆள், பக்கத்தில் அந்த கோஷ்சே ட்ரோன் வேறு. நான் அவனுக்கு ரொம்ப மரியாதையான, மெல்லிய குரல் வைத்தேன். நீ என்ன வைத்திருந்தாய்?