முன்பதிவு செய்த சித்திரக்கதைப் புத்தகத்தில் 16 பக்கங்கள் இல்லாதது குறித்த புகார்

அனுப்புநர்: முன்பதிவு வாடிக்கையாளர், பெரம்பூர், சென்னை – 600011.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த நவம்பரில் முழுத் தொகையான 850 ரூபாயையும் செலுத்தி, முகமூடி வீரர் பேண்டமைப் புதிய தொடக்கக் கதையோடு மீண்டும் அறிமுகப்படுத்தும் தங்கள் கெட்டி அட்டைப் பதிப்பை முன்பதிவு செய்தவன் நான். நான்கு மாதங்களாகத் தொலைபேசியிலும் நேரிலும் அலைந்தும் முழுமையான பிரதி ஒன்று கைக்கு வராததால் இதை எழுத நேர்ந்தது.

குறை எங்கே என்பது தங்களுக்கே தெரிந்திருக்கும். 32ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கடற்கொள்ளையர்கள் கப்பலுக்குள் தாவுகிறார்கள். அதற்கு எதிரே மறுபடியும் 17ஆம் பக்கம் வருகிறது. கப்பல் துறைமுகத்திலேயே நிற்கிறது. ஒரே ஃபாரத்தை, அதாவது ஒன்றாக மடித்துத் தைக்கும் 16 பக்கத் தொகுதியை, இரண்டு முறை சேர்த்துத் தைத்துவிட்டு அடுத்த ஃபாரத்தை விட்டுவிட்டார்கள். அதன் பிறகு நேராக 49ஆம் பக்கம். அங்கே பேண்டம் முகமூடியும் மண்டையோட்டு மோதிரமுமாக அரியணையில் அமர்ந்திருக்கிறார். அந்த முகமூடியை அவர் ஏன் அணிந்தார் என்பதைச் சொல்வதற்காகவே வெளிவந்த புத்தகத்தில், அதைச் சொல்லும் பக்கங்கள் மட்டும் இல்லை.

லீ ஃபாக் 1936இல் படைத்த இந்த வீரரை, மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளில் இந்திரஜால் காமிக்ஸ் இதழ்களாக வாங்கிப் படித்தவன் நான். கதைப்படி 1536இல் கொள்ளையரிடமிருந்து தப்பிக் கரையொதுங்கிய முதல் பேண்டம், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது சத்தியம் செய்ததும், அந்தச் சத்தியம் தந்தையிடமிருந்து மகனுக்கு என்று 21 தலைமுறை தொடர்ந்ததும் அந்த இதழ்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டங்களில் முடிந்துவிடும். சத்தியம் செய்த அந்த நேரத்தில் அவன் மனத்தில் என்ன நடந்தது என்பதை விரித்துச் சொல்வதாகத் தங்கள் விளம்பரம் கூறியதை நம்பித்தான், பத்து வயதுப் பேரனுக்கு இவரை முதன்முதலாக அறிமுகப்படுத்த இந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். "தாத்தா, இவர் யார் மேலே கோபப்படறார்?" என்று அவன் கேட்டபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை.

மாற்றுப் பிரதி கேட்டபோது, கிடங்கிற்கு நேரில் வந்தால் உடனே கிடைக்கும் என்றார்கள். பட்டரவாக்கத்தில் ரயிலிறங்கி, கொட்டும் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை முழுவதும் விசாரித்து நடந்து, புத்தகத்தை நெகிழிப் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு சென்றேன். வாயிற்காவலர் உள்ளே விடவே இல்லை. இராயப்பேட்டை அலுவலகத்தின் கடிதம் வேண்டுமாம். இராயப்பேட்டையிலோ, நந்தனம் புத்தகக் காட்சி அரங்கில் மாற்றித் தருவார்கள் என்றார்கள். அரங்கில் இருந்தவர்கள் இங்கே விற்பனை மட்டும்தான் என்று கையை விரித்தார்கள். பிறகு கூரியரில் வந்த மாற்றுப் பிரதியிலும் அதே 17, அதே 49. ஒருவரேனும் அதைப் பிரித்துப் பார்த்து அனுப்பியிருக்கக் கூடாதா?

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் டிசம்பரில், அம்பத்தூருக்குச் செல்லும் முன்பே, தங்கள் சேவை மையத்தில் பேசிய ஊழியர் சொன்னதைப் பொறுக்க முடியாது. "பொம்மை புக்குக்கு இவ்வளவு சத்தமா சார்? எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே!" என்று கூறி, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார். எல்லோருக்கும் தெரிந்த கதை என்றால், யாரும் இதுவரை சொல்லாத தொடக்கம் என்று அட்டையில் அச்சிட்டது ஏன்? தாங்கள் விற்கும் நூலைத் தங்கள் ஊழியரே பொம்மை என்று இகழ்ந்தால், அதற்காக ஐம்பது ஆண்டு காத்திருந்த என்னைப் போன்றவர்களுக்குத் தாங்கள் தரும் மதிப்புதான் என்ன? 850 ரூபாய் போகட்டும். இழந்தது என் பேரனுக்கும் அந்த வீரருக்குமான முதல் சந்திப்பு. அதை எத்தனை இலட்சம் கொடுத்தாலும் திருப்பித் தர முடியாது.

தங்கள் நிறுவனம் இந்த முயற்சியில் இறங்கியதை இன்றும் மதிக்கிறேன். ஓவியங்களும் தாளும் தரமானவை. ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: 33 முதல் 48 வரையிலான பக்கங்கள் உள்ள பிரதி ஒன்றை, ஒவ்வொரு பக்கமும் சரிபார்த்து, என் வீட்டிற்கே அனுப்பிவைக்க வேண்டும், அந்த ஊழியர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இவை நடைபெறாவிடில், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வதோடு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 50,000 ரூபாய் இழப்பீடு கோரி வழக்குத் தொடுப்பேன். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கு கட்டணம் இல்லை என்பதையும், நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இனி அம்பத்தூருக்கு வர மாட்டேன்.

பணம் செலுத்திய ரசீதும், இரண்டு பிரதிகளிலும் 32, 17, 49ஆம் பக்கங்களின் ஒளிப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் முன்பதிவு வாடிக்கையாளர்