பச்சைப் பாலும் நல்ல பாக்டீரியாவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பச்சைப் பாலில் கிருமிகளை எதிர்க்கும் நல்ல பாக்டீரியா இருக்கிறது, அதனால் காய்ச்சாமல் குடிப்பதே சத்து என்று பலர் சொல்லக் கேட்கிறேன். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பாலில் வாழும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா, நைசின் என்ற சின்னஞ்சிறு புரதத்தை உண்டாக்குகிறது. அது மற்ற பாக்டீரியாக்களை அடக்குவதை 1928-லேயே கவனித்துவிட்டார்கள். லிஸ்டீரியா போன்ற கிருமியின் செல் சவ்வில் ஓட்டை போட்டே கொன்றுவிடும். சில பாலாடைக்கட்டிப் பாக்கெட்டுகளில், கெடாமல் காக்கும் பொருளாக 234 என்ற சேர்பொருள் எண்ணோடு குறிப்பிடப்பட்டிருப்பது இதுதான். எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் ஈ.கோலை, சால்மோனெல்லா, மாடுகளில் கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புருசெல்லா ஆகியவற்றுக்கு வெளியே இன்னொரு உறை உண்டு. நைசின் தனியாக அதைத் தாண்டுவது கடினம். தவிர, கறந்த பாலில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கும் என்பது மாட்டையும் மடியையும் தொழுவத்தையும் பொறுத்தது. நம் கையில் இல்லை.

தயிர் அப்படியல்ல. பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவைத்து உறை ஊற்றினால், நல்ல பாக்டீரியா கோடிக்கணக்கில் பெருகும். அது உண்டாக்கும் லாக்டிக் அமிலமே பல கிருமிகளைத் தலையெடுக்க விடாது.

பச்சைப் பாலைப் பற்றி ஆரோக்கியக் குறிப்பு வெளியிடும்போது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காய்ச்சாமல் கொடுக்கவே கூடாது என்ற ஒரு வரியையும் தயவுசெய்து சேருங்கள்.

ஒரு வாசகி,
நாமக்கல்