தாய்க்குப் போடும் ஊசி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பகாலக் கவனிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் சாப்பாடு, தூக்கம், நடைப்பயிற்சி எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் இருந்தது. தடுப்பூசிக்கு மட்டும் ஒரே ஒரு வரி. அதுவும் தாயின் நலனுக்காக என்று முடித்துவிட்டார்கள். பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்ற பேச்சே இல்லை.

கக்குவான் இருமலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை அது வாரக்கணக்கில் படுத்தும், பெரும்பாலும் அதோடு சரி. பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்கோ மூச்சே நின்றுபோகலாம். அதற்கான முதல் ஊசியைக் குழந்தைக்கு ஆறாவது வாரத்துக்கு முன்னால் போடுவதில்லை. அதுவரை காவல் தாயிடமிருந்துதான் வர வேண்டும். ஊசி போட்டதும் தாயின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்கள் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றன. அதில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில். பிரிட்டனில் 2012இல் இந்த நோய் பரவி 14 சிசுக்கள் இறந்தன; அந்த ஆண்டுதான் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு தந்தது. ஃப்ளூவுக்கும் இதே கதைதான்: ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு அந்த ஊசியே கிடையாது.

கர்ப்பிணிகளுக்குப் போடும் இன்னொரு ஊசி ரணஜன்னிக்கானது (டெட்டனஸ்). அந்த நோயால் 1988இல் உலகில் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2018இல் அது 25,000. சுத்தமான பிரசவத்துக்கும் தொப்புள்கொடிப் பராமரிப்புக்கும் இதில் பங்கு உண்டு, ஊசிக்கு மட்டும் பெருமை கொடுக்க மாட்டேன்.

'வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஊசியா?' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பதையும் நான் குறை சொல்லவில்லை. ருபெல்லா, தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை முன்னெச்சரிக்கையாகக் கர்ப்பத்தில் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள். ருபெல்லா ஊசி போட்டால் கருத்தரிக்க ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். ஆனால் அதைத் தள்ளிப்போட்டே வந்து கர்ப்பத்தின் தொடக்கத்தில் நோயே வந்துவிட்டால், பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரை போகும். எந்த ஊசி எப்போது என்ற இந்த வித்தியாசம் தெரியாததால்தான் எல்லா ஊசியும் வேண்டாம் என்றாகிவிடுகிறது.

அடுத்த இதழிலாவது ஒரு மகப்பேறு மருத்துவரைக் கொண்டு இதை விரிவாக எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது கர்ப்பத்திலும் கக்குவான் ஊசி மறுபடி ஏன் என்பதையும் சேர்த்தே எழுதட்டும். நிறையப் பேர் 'போன தடவையே போட்டாச்சு' என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி